நோய் தீர்ந்தது, சோபாவின் வாடை தீரவில்லை: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

வயிற்றுத் தொற்றில் மூன்று நாள் துவண்டு கிடந்த குழந்தை நான்காம் நாள் எழுந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. அது படுத்துக் கிடந்த சோபா மட்டும் அந்த மூன்று நாட்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. துடைத்தாயிற்று, ஜன்னலைத் திறந்து வைத்தாயிற்று, வாசனைத் தெளிப்பானும் அடித்தாயிற்று. ஆனாலும் யாராவது வந்து உட்கார்ந்ததும் அந்தப் புளித்த வாடை கிளம்பி வருகிறது. இந்த நிலையில் சிக்கிய பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: சமையல் சோடா போதுமா, வினிகர் வேண்டுமா, என்சைம் திரவம் வாங்குவதா, நீராவி பிடிப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். என் மகன் குடித்த பாலை எல்லாம் சோபாவில் கக்கிய இரவில், எங்கோ கேட்டதை நம்பி, அந்த இடம் முழுக்க வினிகர் தெளித்தேன். மறுநாள் வாடை குறைந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் இருந்ததைவிடக் காட்டமாகத் திரும்பி வந்தது. அமிலத்தின் மேல் அமிலத்தைக் கொட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தொடங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. சோபாவில் விழுந்தது என்ன, அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதித் தேர்வு தானாகவே நடந்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விழுந்தது என்ன? வாந்தியின் வாடைக்கு முக்கியக் காரணம் பியூட்டிரிக் அமிலம். வெண்ணெய் கெட்டுப்போனால் வருவதும் இதே வாடைதான். பாலின் கொழுப்பு வயிற்றில் உடையும்போது இது வெளிப்படுகிறது. மிகச் சிறிய அளவு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் துடைத்த பிறகும் போகாததுபோல் இருக்கிறது. சிறுநீரின் கதை வேறு. அது விழுந்தபோது அவ்வளவாக நாறுவதில்லை. நாளாக ஆக, நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அது காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். ஆக, வாந்திக்கும் பழைய சிறுநீருக்கும் நேர் எதிரான மருந்து தேவை. வயிற்றுப்போக்கில் புரதம், கொழுப்பு, நுண்ணுயிர் எல்லாம் கலந்திருக்கும். தொற்று அச்சமும் அதில்தான் அதிகம்.

எவ்வளவு ஆழம்? இருக்கையின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு. அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் திரவம் கீழும் பக்கவாட்டும் ஓடும். மேலே கையகலம் கறை தெரிந்தால் உள்ளே தட்டகலம் பரவியிருக்கும். மேலுறைக்கு ஜிப் இருந்தால் இப்போதே கழற்றிப் பஞ்சை முகர்ந்து பாருங்கள். ஜிப் இல்லையென்றால், உலர்ந்த வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். துணி ஈரமாகவோ வாடையோடோ வந்தால் பிரச்சினை பஞ்சில் இருக்கிறது.

துணி எதைத் தாங்கும்? இருக்கையின் அடியிலோ மெத்தைத் திண்டின் ஓரத்திலோ ஒரு சீட்டு தைத்திருப்பார்கள். அதில் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் நீர் கலந்த திரவங்கள் கூடும். எஸ் என்றால் நீர் கூடாது. நீர் இல்லாத, டிரை கிளீனிங் வகைக் கரைப்பான் மட்டும். இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டு வகையும் கூடும். எக்ஸ் என்றால் வேக்குவம் கிளீனரால் தூசி உறிஞ்சுவது தவிர வேறெதுவும் கூடாது. கீழே சொல்லப்போகும் வழிகளில் பெரும்பாலானவை டபிள்யூ துணிக்கானவை. சீட்டைப் பார்க்காமல் தொடங்கினால் வாடை போகலாம்; நீர்த்தடம் நிரந்தரமாக நின்றுவிடும்.

தொற்று இருந்ததா? பயணத்தில் வந்த வாந்தி என்றால் வாடை மட்டுமே பிரச்சினை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்ற தொற்று என்றால் வாடை போன பிறகும் கிருமி நிற்கலாம். இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியிருக்கும்.

உலர்த்த இடமும் நேரமும் உண்டா? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நனைந்த பஞ்சு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அப்போது வாந்தி வாடை போய் ஈர வாடை குடியேறும். அதைப் போக்குவது இன்னும் கடினம்.

## எந்த வழியானாலும் முதல் அரை மணி நேரம்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொற்று என்றால் முகக்கவசமும் வேண்டும். கட்டியாக இருப்பதை மழுங்கிய அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுங்கள். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நாமே அதைப் பஞ்சுக்குள் தள்ளுகிறோம். நீர் தாங்கும் துணி என்றால் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு, ஒற்றி, மீண்டும் விட்டு, மீண்டும் ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம். முட்டை வெந்து இறுகுவதுபோலச் சூட்டில் புரதம் இறுகி நாரோடு ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சரியாகச் செய்தவருக்குப் பின்வரும் எல்லா வழிகளும் நன்றாக வேலை செய்யும். இதைத் தவிர்த்தவருக்கு விலை உயர்ந்த திரவமும் ஏமாற்றத்தையே தரும்.

## சமையல் சோடா

சோடியம் பைகார்பனேட் மென்மையான காரம். பியூட்டிரிக் அமிலத்தோடு சேரும்போது அதை ஆவியாகாத உப்பாக மாற்றுகிறது. ஆவியாகாததை மூக்கால் முகர முடியாது. வாசனைத் தெளிப்பான் போல வாடையை மூடிவைக்காமல் அதன் காரணத்தையே மாற்றுவதால், புதிய வாந்திக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

ஆனால் பொடியாகத் தூவிவிட்டு அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று காத்திருப்பது பாதி நம்பிக்கைதான். உலர்ந்த பொடி உலர்ந்த துணியின் மேல் கிடந்தால் வினை நடக்காது, ஈரம் வேண்டும். ஒற்றி எடுத்த பிறகு துணி இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடிமனாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, முற்றிலும் காய்ந்த பின் உறிஞ்சி எடுக்க வேண்டும். பஞ்சு வரை போயிருந்தால் சோடாவை நீரில் கரைத்து அதே ஆழம் போகும்படி விட்டு, பிறகு உறிஞ்ச வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வேக்குவம் கிளீனரில் இருக்கிறது. இந்த நுண்பொடி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். கரும்துணியின் இழைகளில் வெண்படலமும் தங்கும். இன்னொன்று: சலவை சோடா வேறு பொருள், அது வலுவான காரம், சாயத்தையும் தோலையும் பதம் பார்க்கும். இரண்டையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

பொருந்தும் இடம்: விழுந்து சில மணி நேரமே ஆன வாந்தி, மேலோட்டமான கறை, ரசாயன வாசனை ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ள வீடு.

## வினிகர்

மேலே சொன்ன காரணத்தால் வாந்திக்கு இது தவறான தேர்வு. புளித்த வாடையின் மேல் இன்னொரு புளித்த வாடை ஏறுகிறது, அவ்வளவுதான். வினிகரின் வாடை காய்ந்ததும் போய்விடும்; அடியில் இருந்தது அப்படியே இருக்கும்.

பழைய சிறுநீருக்கு இது நல்ல மருந்து. அம்மோனியா காரம் என்பதால் அமிலம் அதை அடக்குகிறது. வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு ஒற்றி எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்பவர்கள் ஏராளம். பொங்கி முடிந்ததும் எஞ்சுவது நீரும் ஓர் உப்பும்தான். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டதால் வாடையைத் தீர்க்க எதுவும் மிச்சமிருக்காது. அதைவிட முக்கியமானது: வினிகரைக் குளோரின் பிளீச்சோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் விழுந்த இடத்தில் பிளீச் ஊற்றினாலும் அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலை எரிக்கும் குளோரமைன் உண்டாகும். நோயிலிருந்து எழுந்த குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

## என்சைம் திரவம்

பஞ்சு வரை ஊறிப்போன வாடைக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதுவே சிறந்தது என்பது என் முடிவு. புரோட்டியேஸ் புரதத்தையும், லிபேஸ் கொழுப்பையும், அமைலேஸ் மாவுச்சத்தையும் உடைக்கின்றன. நம் வயிறு செய்யும் வேலையைத்தான் இவை சோபாவுக்குள் செய்கின்றன. சிறு துணுக்குகளாக உடைந்ததை நீரோடு உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பால் கொழுப்பை லிபேஸ் உடைக்கும்போது வெளிப்படுவதும் கொழுப்பு அமிலங்கள்தான். அவற்றில் பியூட்டிரிக் அமிலமும் அடக்கம். அதனால் முதல் நாள் வாடை கூடியதுபோல் தோன்றலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் உண்டு. என்சைமோடு நன்மை தரும் பாக்டீரியாவும் கலந்த திரவம் என்றால், வெளிப்பட்ட அமிலத்தையும் அவை தின்று முடிக்கும். பாக்டீரியா இல்லாத வகை என்றால், என்சைம் வேலை முடிந்து உறிஞ்சி எடுத்த பிறகு சோடாக் கரைசல் ஒரு முறை விடுவது பலன் தரும்.

இது தோற்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது அளவு: வாந்தி எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும், மேலே நான்கு தெளிப்பு போதாது. இரண்டாவது நேரம்: ஈரமாக இருக்கும் வரைதான் என்சைம் வேலை செய்யும். புட்டியில் எழுதியிருக்கும் நேரம் முழுக்க, ஈரத்துணியும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் மூடி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, முன்பே கிருமிநாசினி தெளித்த இடம்: கிருமிநாசினி என்சைமைச் செயலிழக்கச் செய்துவிடும், பாக்டீரியாவைக் கொன்றும் விடும். அப்படிச் செய்திருந்தால் முதலில் நீர் விட்டு நன்றாக அலசி எடுங்கள்.

கம்பளி, பட்டு மேலுறைகளுக்கு இது வேண்டாம். அவையே புரத இழைகள். புரோட்டியேஸ் கறைக்கும் துணிக்கும் வேறுபாடு பார்க்காது. செலவைப் பொறுத்தவரை, ஆழமான கறைக்கு ஒரு புட்டி பெரும்பாலும் போதாது என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஹைட்ரஜன் பெராக்சைடு

மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் வாடை தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது, கறையையும் வெளுக்கிறது. துணியின் நிறத்தையும் வெளுக்கிறது என்பதுதான் சிக்கல். வெளிர் நிறப் பருத்தி, பாலியஸ்டர் துணியில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கான மருந்துப் பாகின் இளஞ்சிவப்புச் சாயம் துணியில் பிடித்திருந்தால் இது உதவக்கூடும். வினிகரோடு ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். அரிக்கும் தன்மையுள்ள பெராசிட்டிக் அமிலம் உண்டாகும்.

## நீராவிக் கருவி

நீராவியை நம்பி வாங்கியவர்கள் பலர் வாடைக்காக வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். சூடு புரதத்தை இறுக்கும், என்சைமைச் செயலிழக்கச் செய்யும். கறையை எடுக்காமல் நீராவி பிடித்தால் அறை முழுக்க அந்த வாடை பரவுவதோடு சரி, எஞ்சியது துணியில் நிலைத்துவிடும்.

ஆனால் தொற்றுக் கிருமிக்கு எதிராக, பிளீச் தாங்காத மெத்தை இருக்கைகளில், நம்மிடம் உள்ள நம்பகமான வழி இதுதான். நோரோ வைரஸுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் கூறும் அளவு, 70 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் அல்லது 100 டிகிரியில் 1 நிமிடம். இது கருவியின் முனையில் உள்ள சூடு அல்ல, துணி அடைய வேண்டிய சூடு. சலவைப்பெட்டி ஓட்டுவதுபோல விறுவிறுவென்று ஓட்டிக்கொண்டு போனால் துணி வெதுவெதுப்பாகும், கிருமி அப்படியே இருக்கும். ஓர் இடத்தில் நிறுத்தி, மெதுவாக நகர்த்த வேண்டும். வெல்வெட், தோல், செயற்கைத் தோல் ஆகியவை இந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

எனவே வரிசை முக்கியம்: முதலில் அலசல், அடுத்து என்சைம், நன்றாக உலர்ந்த பின் நீராவி. இடைப்பட்ட நாட்களில் அந்த இருக்கையில் யாரையும் உட்கார விடாதீர்கள். சுத்தம் செய்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆல்கஹால் கிருமிநாசினி நோரோ வைரஸை நம்பும்படி அழிப்பதில்லை.

## நீர் பாய்ச்சி உறிஞ்சும் இயந்திரம்

இது நீராவிக் கருவி அல்ல, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் நீரைப் பாய்ச்சி மறுபக்கம் அழுக்கோடு உறிஞ்சி எடுப்பது இதன் வேலை. கையால் நூறு முறை ஒற்றி எடுப்பதைவிட இது பத்து நிமிடத்தில் அதிகம் எடுக்கும். வாடை தரும் பொருளை உடைப்பதும் அடக்குவதும் ஒரு வழி என்றால், அதை வீட்டைவிட்டே வெளியேற்றுவது இது. அதனால் என்சைமுக்கு இது மாற்று இல்லை, துணை.

சொந்தமாக வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், தொழில்முறை ஆட்களை அழைக்கலாம். சிறு குழந்தைகள் இருவர் உள்ள வீட்டில் கையடக்க இயந்திரம் தன் விலையைச் சில மாதங்களிலேயே ஈட்டிக்கொடுக்கும் என்பது என் அனுபவம். வாடகை இயந்திரத்தை எடுப்பவர் அதன் குழாயையும் தொட்டியையும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். முந்தைய வீட்டின் அழுக்கு நம் சோபாவுக்கு வரக்கூடாது. ஆளை அழைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலுறையை மட்டும் சுத்தம் செய்வீர்களா, பஞ்சு வரை அலசி உறிஞ்சுவீர்களா? மேலுறை மட்டும் என்றால் அந்தக் கட்டணம் வீண். எஸ் எழுத்துத் துணிக்கும், பட்டுக்கும், கம்பளிக்கும் முதல் நாளே தொழில்முறை ஆட்களை அழைப்பதுதான் மலிவான வழி.

## பஞ்சை மாற்றுவது

இதைக் கடைசி வழி என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஜிப் வைத்த திண்டாக இருந்தால் நான் அப்படி ஒதுக்கமாட்டேன். மேலுறையைத் துவைத்து, உள்ளிருக்கும் பஞ்சை மட்டும் அதே அளவில் வெட்டி வாங்கிப் போடுவது, மூன்று சுற்றுத் திரவமும் ஒரு வார உழைப்பும் செலவழிப்பதைவிடக் குறைவாகவே முடியலாம். வாங்கும்போது பழைய பஞ்சின் தடிமனோடு அடர்த்தியையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு திண்டு மட்டும் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

திண்டு சட்டத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் கணக்கு மாறுகிறது. மேலுறையைப் பிரித்து மீண்டும் தைக்கும் கூலி சேரும்.

## வாடையை மறைப்பவை

வாசனைத் தெளிப்பான்களில் சிலவற்றில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருக்கிறது. அது வாடை மூலக்கூறுகளை உள்ளே பிடித்து வைக்கும். விருந்தினர் வரும் ஒரு மாலைக்கு உதவும். மற்றவை வெறும் மணம். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அந்த மணமே தொல்லை. கரித்துண்டுப் பைகள் காற்றில் மிதப்பதை உறிஞ்சும், பஞ்சில் ஊறியதை எட்டாது. ஓசோன் கருவிகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. இருமல் நின்று இரண்டு நாளான குழந்தையின் அறையில் அதற்கு இடமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | புதிய வாந்தி | ஊறிய வாந்தி | பழைய சிறுநீர் | கிருமி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| சமையல் சோடா | நன்று | கரைசலாக ஓரளவு | பயனில்லை | இல்லை | வடிகட்டி அடைப்பு |
| வினிகர் | வேண்டாம் | வேண்டாம் | நன்று | நம்ப முடியாது | இன்னொரு வாடை |
| என்சைம் | நன்று | மிக நன்று | நன்று | இல்லை | ஒன்றுக்கு மேற்பட்ட புட்டி, காத்திருப்பு |
| பெராக்சைடு | வெளிர் துணிக்கு | மேலே மட்டும் | ஓரளவு | ஓரளவு | நிறம் வெளுத்தல் |
| நீராவி | வேண்டாம் | கடைசியில் மட்டும் | வேண்டாம் | நன்று | கறை நிலைத்தல் |
| நீர் உறிஞ்சும் இயந்திரம் | மிக நன்று | என்சைமோடு நன்று | நன்று | இல்லை | உலர்த்தும் நாட்கள் |
| பஞ்சு மாற்றம் | தேவையில்லை | உறுதி | உறுதி | உறுதி (மேலுறை துவைத்தால்) | தையல் கூலி |

## உங்கள் வீட்டுக்கு எது

இன்று இரவு நடந்தது, துணி நீர் தாங்கும் என்றால்: குளிர்ந்த நீர், ஒற்றல், ஈரத்திலேயே சோடா. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். கடைக்கு ஓட வேண்டாம், குழந்தையின் பக்கத்திலேயே இருங்கள்.

நடந்து மூன்று நாளுக்கு மேல் ஆகி, உட்கார்ந்தால் வாடை எழுகிறது என்றால்: பஞ்சு ஊறிவிட்டது. ஜிப் உள்ள திண்டு என்றால் மேலுறையைத் துவைத்துப் பஞ்சை மாற்றும் செலவை விசாரியுங்கள். இல்லையென்றால் என்சைமும் உறிஞ்சும் இயந்திரமும் சேர்த்து ஒரு முழுச் சுற்று. அதிலும் போகவில்லை என்றால் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு நான் போகமாட்டேன். அந்தப் பணத்தைப் பஞ்சுக்குக் கொடுப்பேன்.

வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வயிற்றுப்போக்கில் விழுகிறார்கள் என்றால் வாடையை ஓரமாக வைத்துவிட்டுக் கிருமியைக் கவனியுங்கள். அலசி, உலர்த்தி, நீராவி பிடித்து, அந்த இருக்கையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். நோரோ வைரஸ் தொற்றியவர் குணமான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் அதை வெளியேற்றலாம் என்பதால், இந்தக் காலத்தில் மேலே துவைக்கக்கூடிய விரிப்பு ஒன்றைப் போட்டு வைப்பது பெரிய நிம்மதி.

எந்த வழியில் போனாலும் உலர்த்தலுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். கழற்றக்கூடிய திண்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மின்விசிறிக் காற்று இரு பக்கமும் படும்படி வையுங்கள். உலரும்போது உள்ளிருக்கும் ஈரம் மேலே ஏறும். போய்விட்டதாக நினைத்த கறை மறுநாள் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். மேலே உலர்ந்த துணியைப் போர்த்தி வைத்தால் ஏறி வருவதை அது வாங்கிக்கொள்ளும்.

கடைசியாகச் சோதிக்கும்போது உங்கள் மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாடையில் இருந்து இருந்து அது பழகிப்போயிருக்கும். ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள், அல்லது வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கேளுங்கள். இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி, பஞ்சிலிருந்து வெளிவரும் காற்றை முகர வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒரு முறையும் இதைச் செய்யுங்கள். எஞ்சிய வாடை அந்த நாளில்தான் வெளியே வரும். அன்றும் ஒன்றும் தெரியவில்லை என்றால் குழந்தையை மறுபடி அங்கே படுக்க விடலாம்.